வீட்டிலே ஒரு தேகாப்பியாச மூலை



சென்ற ரமலானில் ஓர் இரவு தராவீஹ் தொழுகை முடிந்து எழுந்தபோது பள்ளியின் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு வரிசை நிறைய நாற்காலிகள். அவற்றில் அமர்ந்து தொழுதவர்களில் பாதிப்பேர் எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள். மற்றப் பாதிப்பேர் நம்மைப் போலக் கடை வைத்திருப்பவர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள், சிலர் அதையும் தாண்டாதவர்கள். தக்க காரணம் உள்ளவர்களுக்கு மார்க்கமே அந்தச் சலுகையைக் கொடுத்திருக்கிறது. அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அன்று இருபது ரக்அத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு ஒவ்வொரு ஸுஜூதிலிருந்தும் நாம் எப்படி எழுந்தோம் என்பது நமக்குத் தெரியும். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்து, பக்கத்திலிருந்தவர் தோளை ஒரு தடவை பிடித்து எழுந்தோம். நமக்கு வயது நாற்பத்தேழு.

கையை ஊன்றி எழுவது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத் ஆயிற்றே என்று ஆலிம்கள் யாரும் நம்மைத் திருத்த வேண்டாம். ஸுன்னத்தென்று ஊன்றுவது வேறு, ஊன்றாவிட்டால் எழ முடியாது என்பதற்காக ஊன்றுவது வேறு. நமது சங்கதி இரண்டாவது.

இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடம்புக்கும் உம்மிடம் ஒரு ஹக்கு உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த வரலாறு மதரஸாவில் ஓதிய அனைவருக்கும் தெரியும். நாம் அதை ஓதினோம். கடைச் சிப்பந்திகளின் ஹக்கு, கூட்டாளியின் ஹக்கு, கடன் கொடுத்தவரின் ஹக்கு எல்லாவற்றையும் கணக்கில் எழுதி வைத்தோம். உடம்புக்கு மட்டும் ஏடு திறக்கவில்லை.

ஒரு சிலர் கேட்கலாம்: "காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கடையில் நிற்கிறோமே, அதைவிட என்ன அப்பியாசம் வேண்டும்?" நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நிற்பது உழைப்புத்தான், ஆனால் அது பலத்தைக் கூட்டுவதில்லை. பழகிய சுமையை எத்தனை வருஷம் சுமந்தாலும் தசை அதற்கு மேல் வளராது. அசையாமல் நிற்கிற காலில் இரத்தம் தேங்கிக் கணுக்கால் வீங்குகிறது என்பதை மாலை நேரத்தில் சப்பாத்தைக் கழற்றும் எவரும் பார்க்கலாம். நாணயமாற்றுக் கடைச் சகோதரர்களின் பாடு இதற்கு நேர்மாறு. அவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்களோ நிற்பதோடு கூட நள்ளிரவில் சாப்பிடவும் செய்கிறார்கள்.

வேறு சிலர், "தொழுகையே ஒரு தேகாப்பியாசமன்றோ?" என்பார்கள். தொழுகையைத் தேகாப்பியாசம் என்று விளம்பரம் செய்வது நமக்குப் பிடிப்பதில்லை. அது வணக்கம். அந்த வணக்கத்தை நின்றும் குனிந்தும் சிரம் பணிந்தும் நிறைவேற்றுவதற்குத் தகுதியாக இந்த உடம்பை வைத்துக்கொள்ளுவது நமது பொறுப்பு. அவ்வளவுதான்.

நிற்க. இந்தப் பலம் எதற்கு என்பதை வியாபாரி பாஷையில் சொல்லுகிறோம். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. அந்தச் சரக்கின் பெரும் பகுதியை இறக்கி வைக்கும் கிட்டங்கி நமது தசைகள். நாற்பதுக்கு மேல் உபயோகிக்காத தசை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கிட்டங்கி சுருங்கிவிட்டது, லோரி மட்டும் தினமும் பழையபடியே வந்து நிற்கிறது என்றால் சரக்கு எங்கே கிடக்கும்? தெருவில்தான் கிடக்கும். அந்தத் தெருதான் நமது இரத்தம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில், 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவின் மேல் போர் என்றே பிரகடனம் செய்தது. நமது சங்கத்தில் எத்தனை வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று நாம் எண்ணவில்லை, எண்ணத் தேவையுமில்லை.

இனி நாம் செய்த பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லிவிடுகிறோம். பிறகு சொல்லுவதற்கு அது உதவும். பெருநாள் கழிந்த மறு வாரமே 1,400 வெள்ளி கொடுத்து டிரெட்மில் என்னும் நடை யந்திரம் ஒன்று வாங்கினோம். நமது வீடு மூவறை வீடு. லிஃப்டில் ஏறாமல், வாசலில் திரும்பாமல், ஒருவழியாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று முதல் சாப்பாட்டு மேசை சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடம் எழுத இடமில்லை. கடையைச் சாத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கு அதில் ஏறி ஓடினோம். மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுச் சீனத்து மூதாட்டியார் நின்றிருந்தார். பதினைந்து வருஷமாக நம்மைத் தெரிந்தவர்; பெருநாளுக்கு நமது வீட்டுப் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும், சீனப் புத்தாண்டுக்கு அவர் வீட்டுக் கமலாப்பழம் நமக்கு வரும். அவர் கோபிக்கவில்லை. "தவுக்கே, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. மேலே இடிக்கிற சப்தத்தில் தூங்க மாட்டேன் என்கிறார்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்றால், சொத்தில் பங்கும் கொடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்களே எண்ணும் அளவுக்கு வலியுறுத்தினார்கள். நாம் பங்கு கொடுக்காவிட்டாலும் தூக்கத்தையாவது கொடுக்க வேண்டாமா? அன்றோடு யந்திரம் நின்றது. ஆறு மாதம் அதன் மேல் துணி காய்ந்தது. பிறகு 250 வெள்ளிக்கு ஒருவர் கொண்டுபோனார். வீண் விரயத்தைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது தெரிந்தே செய்த காரியம் இது.

அந்த 1,150 வெள்ளி நஷ்டத்தில் நாம் கற்ற பாடம் யாதெனில், வெளியிலே இலவசமாகக் கிடைப்பதை வீட்டுக்குள் விலைக்கு வாங்கி வைக்கக் கூடாது. நடப்பதற்கு அல்லாஹ் பூமியை விரித்திருக்கிறான். அரசாங்கம் அதன் மேல் நடைபாதையும் பூங்காவும் போட்டிருக்கிறது. ஸுபுஹுக்குப் பள்ளிக்கு நடந்து போய் நடந்து வந்தால் நடை யந்திரத்தின் வேலை முடிந்தது. வீட்டுக்குள் வைக்க வேண்டியது பலத்தைக் கூட்டும் அப்பியாசத்துக்கானவை மட்டுமே. வீட்டில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நமது பெண்களைப் பற்றியது. பொதுக் கூடங்களில் ஆண்களுக்கு நடுவே அப்பியாசம் செய்ய அவர்கள் விரும்புவதில்லை. வீட்டு மூலை ஒன்று இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகச் செய்வார்கள். உண்மையில் நமது வீட்டில் அந்த மூலையை அதிகம் உபயோகிப்பது நாமல்ல, நமது வீட்டுக்காரிதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் வரை ஓரளவு வேகமான நடை போன்ற உழைப்பும், அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் அப்பியாசமும் வேண்டும் என்று கூறுகிறது. முதலாவதை வெளியே முடித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் இந்த மூலை.

எவ்வளவு இடம் வேண்டும்? புதிதாகக் கட்டும் மூவறைக் கழக வீடு சுமார் 60 முதல் 65 சதுர மீட்டர். அதில் தனி அறை ஒதுக்குவது நடவாத காரியம். இரண்டு தொழுகை விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். அவ்வளவு இடம் போதும். அதில் மல்லாந்து படுத்தால் தலையும் காலும் எதிலும் இடிக்கக் கூடாது. நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் அலமாரியில் படக் கூடாது. மேலே தூக்கினால் மின்விசிறியில் படக் கூடாது. இதைச் சிரிக்காமல் அளந்து பாருங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தும் சில வீடுகளில் உதவும். பொதுத் தாழ்வாரத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். அங்கே நெருப்புக் காலத்தில் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சட்டம். கண்டவர்கள் கால் இடறுவது அதற்கு மேல். வீட்டுக்குள் இருக்கும் அடைக்கல அறையில் சாமான்களை அடுக்கி வைக்கலாம். அதன் சுவரிலும் கதவிலும் கம்பி மாட்டத் துளை போடக் கூடாது.

தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்குங்கள். பிள்ளைகள் விளையாடுகிற பஞ்சு போன்ற மெத்தை பாரம் தூக்குவதற்கு ஆகாது. கால் அமுங்கித் தள்ளாடும். அரை அங்குல கனமுள்ள கட்டி ரப்பர் இருந்தால் தரை ஓடு உடையாது, கால் வழுக்காது. புதிதில் அதன் வாசனை பொல்லாதது. இரண்டு மூன்று நாள் ஜன்னலோரம் காற்றாட விடவும். ஆனால் ரப்பர் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் குதிக்கலாம், இரும்பைப் போடலாம் என்று நினைக்கக் கூடாது. 'டக்' என்ற சப்தத்தைத்தான் ரப்பர் அடக்கும். 'தொம்' என்ற அதிர்ச்சி கான்கிரீட் வழியே கீழ் வீட்டுக்குப் போய்த்தான் தீரும். ஆகவே குதிக்கிற அப்பியாசம் எதுவும் மாடி வீட்டுக்கு வேண்டாம். எடுத்த பாரத்தை எடுத்தபடியே மெதுவாக இறக்க வேண்டும். மெதுவாக இறக்குவதில்தான் தசைக்குப் பாதிப் பலன் இருக்கிறது என்பதால் நஷ்டமும் இல்லை. 2022இல் சிங்கப்பூரில் அண்டை வீட்டுச் சப்தம் பற்றி ஆராய்ந்த ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாக இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. நம்மைப் போல் பத்து மணிக்குக் கடை சாத்துகிறவர்கள் சப்தமில்லாத அப்பியாசத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த மூலையில் நாம் வைத்திருப்பவை இவ்வளவே: முதுகுள்ள கெட்டியான மர நாற்காலி ஒன்று. ரப்பர் இழுப்புப் பட்டை இரண்டு, ஒன்று இலேசு, ஒன்று கடினம். 5 கிலோ டம்பெல் ஒரு ஜோடி. கைப்பிடியுள்ள கெட்டித் துணிப் பை இரண்டு. பைக்குள் போட அரிசி மூட்டை நமது கடையிலேயே இருக்கிறது. 5 கிலோவிலும் 10 கிலோவிலும் கட்டி வருகிறது. இரும்பு வாங்கப் பணமில்லாதவர் தண்ணீர் புட்டியை நிறைத்துக்கொள்ளலாம்; ஒன்றரை லிட்டர் என்றால் ஒன்றரைக் கிலோ, தராசே வேண்டாம். இந்த ஊர் ஈரக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ரப்பர் உறை போட்டதை வாங்குவது நலம். வியர்வையைத் துடைத்து வைக்க ஒரு துணி பக்கத்தில் கிடக்கட்டும். பட்டையில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கவும். அறுந்தால் நேரே முகத்துக்கு வரும்.

கதவு நிலையில் அழுத்தி மாட்டித் தொங்குகிற கம்பி ஒன்று விற்கிறார்கள். வாலிபர்களுக்கு ஆசையாக இருக்கும். அறைக் கதவுகளின் நிலை அதற்கென்று செய்ததன்று; தொங்குகிறவர் கம்பியோடு கீழே வந்தால் விழுவது முதுகெலும்பு. தொங்க வேண்டுமானால் அநேகமான அடுக்குமாடிகளின் கீழேயே அப்பியாச மூலை இருக்கிறது. அதுபோலப் பெரிய யந்திரங்களை, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்காமல் வாங்க வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் ஒரு நடை யந்திரத்தில் குழந்தை ஒன்று சிக்கி இறந்த பிறகு அந்த ரகம் முழுவதையும் திரும்பப் பெற்றார்கள்.

இனி அப்பியாசம். முதலில் உங்கள் நிலைமையை அறிந்துகொள்ளுங்கள். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் அட்டவணைப்படி 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 தடவைக்கும், பெண் 12 தடவைக்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழே. நாம் நாற்பத்தேழு வயதில் 11 தடவை எழுந்தோம். மகன் சிரித்தான். பிறகு நம் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

இந்தச் சோதனையே முதல் அப்பியாசமும் ஆகும். நமது பாட்டன்மார் பஸ்கி என்றார்களே, அதன் எளிய உருவம் இது. நாற்காலியில் உட்காருவது போல் மெதுவாக, மூன்று எண்ணிக்கையில் இறங்கி, தொட்டவுடன் எழ வேண்டும். எட்டுத் தடவை சுலபமாக வந்தால் பன்னிரண்டாக்கவும். அதுவும் சுலபமானால் 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யவும். ஸுஜூதிலிருந்து தூக்கிவிடுகிற தசை தொடையும் பிட்டமும்தான். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது தண்டால். ஊரில் பயில்வான்கள் தரையில் எடுத்தது நமக்கு முதல் நாளே வராது. வராததை முயன்று தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சுவரில் கைவைத்து எடுங்கள். ஒரு மாதம் கழித்து, அசையாத மேசை விளிம்பில் எடுங்கள். அதன் பிறகு தரை தானாகவே வரும். கல்லாவில் குனிந்து குனிந்து கூன் விழுந்த முதுகுக்கு இழுப்புப் பட்டை: தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களில் பட்டையை மாட்டி, படகு வலிப்பது போல் முழங்கை பின்னால் போகும்படி இழுக்க வேண்டும்.

பிறகு மூட்டை எடுத்தல். இதை வியாபாரிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும், நடுமுதுகு பிடித்துக்கொண்டவர்கள் நம்மில்தான் அதிகம். இடுப்பில் மடங்கி, முதுகைப் பலகை போல் வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பையைக் காலோடு ஒட்டியபடி எடுக்க வேண்டும். ருகூவில் முதுகைச் சமமாக வை என்று உஸ்தாது பிரம்பைக் காட்டிச் சொன்னாரே, அதே முதுகு. கடைசியாக, இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் ஒரு நிமிஷம் நடக்க வேண்டும். பிடிமானம், தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாகப் பலப்படும். சப்தமோ செலவோ கிடையாது.

இவ்வளவையும் இரண்டு சுற்று செய்தால் இருபது நிமிஷம். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. தினமும் செய்கிறேன் என்று முதல் வாரம் வீரம் காட்டிவிட்டு இரண்டாம் வாரம் படுத்துவிடாதீர்கள். சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்திருக்கிறது. அப்பியாசத்திலும் நாம் கண்டது அதுதான். மறு நாள் தொடை வலிப்பது சகஜம். முழங்கால் மூட்டுக்குள் குத்துவது சகஜமன்று; அது வந்தால் குறைத்துக்கொள்ளவும்.

சர்க்கரைக்கு ஊசி போடுபவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் தொடங்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பியாசத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும், ஆகவே இனிப்பு ஏதாவது எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது விட்டு, இறக்கும்போது வாங்கவும். நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ, தலை சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவும். தைலம் தேய்த்துக்கொண்டு கல்லாவில் போய் உட்கார வேண்டாம். அப்படி உட்கார்ந்த இரண்டு பேருடைய ஜனாஸாவில் நாம் தோள் கொடுத்திருக்கிறோம்.

நோன்பு மாதத்தில் சுமையைக் குறைத்து, நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்தோ தராவீஹுக்குப் பிறகோ செய்து கொள்ளலாம். மற்ற நாட்களில் நமக்கு ஒத்து வந்த நேரம் அஸருக்குப் பின். கடையில் அந்நேரம் கூட்டம் குறைவு. சிப்பந்தியைக் கல்லாவில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து போக முப்பது நிமிஷம் போதும். தூரத்தில் வீடு உள்ளவர்கள் கடைக் கிட்டங்கியிலேயே இரண்டு விரிப்பு இடத்தை ஒழித்துக்கொள்ளலாம். அங்கே மூட்டைக்கும் பஞ்சமில்லை.

நமது உம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாம் செய்வதைக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள், "அந்த நாற்காலியை இங்கே கொண்டா வாப்பா" என்றார்கள். முதல் நாள் நமது கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எழுந்தார்கள். ஐந்து மாதமாகிறது, இப்போது கை பிடிக்காமல் ஏழு. கீழ் வீட்டு மூதாட்டியாரும் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்காரரை நாற்காலியில் எழுந்து உட்காரச் செய்கிறாராம். எத்தனை என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் விரலைக் காட்டுகிறார். நாம் இப்போது 19. இடது முழங்கால் மட்டும் ஸுஜூதிலிருந்து எழும்போது இன்னும் 'மளுக்' என்கிறது. அதற்கு டாக்டர் எண்ணெய் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.